குமாரமங்கலம் ஜமீன்தார் கல்வி அமைச்சரான கதை

சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “எங்கள் கல்லூரிக்குப் பெயராக இருப்பவருடைய அப்பா சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தாராமே? ஒரு ஜமீன்தார் எப்படி அந்தப் பதவிக்கு வந்தார்? பள்ளிக்கூடத்தில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் என்று தாத்தா சொல்கிறார். இந்தித் திணிப்பை எதிர்த்தவர் என்று இன்னொருவர் சொல்கிறார். இதில் எது சரி?”

இரண்டும் சரிதான், தம்பி. அதனால்தான் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நான் சேலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன். ராஜாஜியைப் பற்றிச் சொல்ல ஒரு பாடவேளை போதாது. ஆனால் சுப்பராயன் என்ற பெயர் எங்கேயோ ஒரு ஓரத்தில் வந்துவிட்டுப் போய்விடும். ஸ்டீல் பிளான்ட் ரோட்டில் இருக்கும் உங்கள் கல்லூரியின் பெயர்ப்பலகையில் மகனைத் தினமும் பார்க்கிறோம், அப்பாவை மறந்துவிட்டோம். நீங்கள் கேட்டதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். டாக்டர் பி. சுப்பராயன் 1889-ல் பிறந்தவர், குமாரமங்கலம் ஜமீன்தார். குமாரமங்கலம் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்றைக்கு அது நாமக்கல் மாவட்டம். 1997-ல் நாமக்கல் பிரியும் வரைக்கும் நம் சேலம் மாவட்டம்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, ஆக்ஸ்போர்டுக்குப் போய், டப்ளினில் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பெயருக்கு முன்னால் இருக்கும் ‘டாக்டர்’ அங்கிருந்து வந்தது.

ஜமீன்தார் எப்படி அமைச்சரானார் என்பதற்கு அன்றைய சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான சட்டசபையில் நிலவுடைமையாளர்களுக்கென்று தனி இடங்கள் இருந்தன. ஊரில் உள்ள எல்லோரும் ஓட்டுப் போட்ட காலம் இல்லை அது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. 1920 தேர்தலில் அந்த நிலவுடைமையாளர் தொகுதி வழியாகத்தான் சுப்பராயன் உள்ளே நுழைந்தார். முதலில், பிராமணரல்லாதார் தொடங்கிய நீதிக்கட்சிப் பக்கம் இருந்தார். 1923-ல் அன்றைய முதன்மை அமைச்சர், நீதிக்கட்சியின் பனகல் அரசருக்கு எதிராக சி.ஆர். ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தபோது ரெட்டி பக்கம் நின்றார். தீர்மானம் தோற்றது. அதோடு நீதிக்கட்சியுடன் இருந்த உறவு முறிந்தது.

1926 தேர்தலில் ஒரு விசித்திரமான நிலைமை வந்தது. அதிக இடங்களைப் பிடித்தது காங்கிரஸ்காரர்களின் சுயராஜ்யக் கட்சி. ஆனால் வெள்ளைக்கார ஆட்சியில் பதவி ஏற்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. நீதிக்கட்சியோ தோற்றுப்போய் நின்றது. கவர்னர் கோஷன் பிரபு யாரைக் கூப்பிடுவது? எந்தக் கட்சியிலும் இல்லாத, படித்த, செல்வாக்குள்ள ஒருவரைத் தேடினார். அப்படித்தான் 37 வயதில் சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானார். ஏ. ரங்கநாத முதலியார், ஆர்.என். ஆரோக்கியசாமி முதலியார் இரண்டு பேரும் உடன் அமைச்சர்கள். தனக்கென்று ஒரு கட்சி இல்லாமலே 1926 டிசம்பரிலிருந்து 1930 அக்டோபர் வரை அந்த ஆட்சி ஓடியது.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அமைச்சர் என்றால் என்ன அதிகாரம் இருந்தது என்று புரியாவிட்டால் அவரை எடைபோட முடியாது. அந்த முறைக்குப் பெயர் இரட்டையாட்சி. அரசாங்கத்தின் துறைகளை இரண்டாகப் பிரித்தார்கள். போலீஸ், நிலவரி, நிதி எல்லாம் கவர்னரும் அவருடைய நிர்வாக சபையும் வைத்துக்கொண்டார்கள். கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம், விவசாயம் போன்றவற்றை நம்மவர்களிடம் கொடுத்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் பெட்டிச்சாவி அவர்களிடமே இருந்தது. ஒரு தாலுகாவில் பத்துப் பள்ளிக்கூடம் புதிதாகத் திறக்க வேண்டுமென்றால், அதற்கான பணத்துக்கு அமைச்சர் நிதித் துறையிடம் போய் நிற்க வேண்டும். அந்த நிதித் துறையைச் சட்டசபை ஒன்றும் செய்ய முடியாது.

கல்வியிலும் முழுதாகக் கொடுக்கவில்லை. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளின் கல்வியைத் தனியாக எடுத்துத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். நம் ஏற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் படிப்பைப் பற்றித் தமிழ் அமைச்சர் வாய் திறக்க முடியாது. அந்த மலையின் அடிவாரத்தில் கூரைக்குக் கீழே மணலில் ‘அ’ எழுதும் பிள்ளைகள் மட்டும்தான் அவர் பொறுப்பு. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

அடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்குக்கூட நேரடியாகப் பணம் போவதில்லை. 1920-ல் வந்த தொடக்கக் கல்விச் சட்டப்படி, கட்டாயக் கல்வியைக் கொண்டுவரும் பொறுப்பும் அதற்கு வரி போடும் பொறுப்பும் நகராட்சி, தாலுகா போர்டு போன்றவர்களிடம் போயிற்று. கல்வி வரி போட்டால் வரி கட்டுகிறவர் அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடமாட்டார். அன்றைக்கு ஓட்டே வரி கட்டுகிறவரிடம்தான் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். யாருடைய பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேவையோ அவருக்கு ஓட்டு இல்லை. கட்டாயக் கல்வி காகிதத்திலேயே பல இடங்களில் நின்றுபோனதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. மாகாணத்தின் வருமானத்தில் பெரிய பங்கு கள்ளு, சாராயத்தின் மேல் போட்ட ஆயத்தீர்வையிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டுமென்றால் கள்ளுக்கடை நன்றாக ஓட வேண்டும். இது பத்து வருஷம் கழித்து நம் சேலத்திலேயே தலைவலியாக வந்தது. பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கட்டுகளுக்குள்ளேயும் அந்த நாலு வருஷத்தில் நடந்தவை குறைவில்லை. அவர் ஆட்சியில்தான் சட்டமாகி, 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள் வந்ததும், தேவதாசி முறைக்கு எதிராக 1927-ல் தீர்மானம் கொண்டுவந்ததும் இந்த ஆட்சிக் காலத்தில்தான். எல்லாவற்றையும்விடப் பெரிது வகுப்புவாரி உரிமை ஆணை. 12 அரசு வேலை வந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர்கள், ஆங்கிலோ இந்தியர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1 என்று பிரித்தார்கள். இதற்கான பெருமை அந்த ஆணையைக் கொண்டுவந்த அமைச்சர் எஸ். முத்தையா முதலியாருக்குத்தான் சேர வேண்டும், சேர்ந்தும் இருக்கிறது. ஆனால் அந்த அமைச்சரவைக்குத் தலைவர் நம் ஊர்க்காரர் என்பதையும் கூடச் சொல்ல வேண்டுமில்லையா? படித்தால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் எந்தக் குடியானவர் தன் பிள்ளையை மாட்டை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவார்? என் கண்ணுக்கு அதுவும் ஒரு கல்விச் சட்டம்தான்.

முத்தையா முதலியார் அமைச்சராக வந்ததே ஒரு நெருக்கடியால். இந்தியாவின் ஆட்சிமுறையை ஆராய, இந்தியர் ஒருவர்கூட இல்லாமல் லண்டன் அனுப்பிய சைமன் கமிஷனைப் புறக்கணிக்க வேண்டுமா என்ற கேள்வி 1928-ல் எழுந்தபோது முதலில் இருந்த இரண்டு அமைச்சர்களும் புறக்கணிப்புப் பக்கம் நின்று பதவி விலகினார்கள். சுப்பராயன் கவர்னரின் ஆதரவோடு பதவியில் தொடர்ந்தார். முத்தையா முதலியாரும் எம்.ஆர். சேதுரத்தினம் ஐயரும் புதிதாக வந்தார்கள். தேசமே ‘சைமனே திரும்பிப் போ’ என்று கத்திய நேரத்தில் அவர் அப்படி ஒட்டிக்கொண்டிருந்தது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான். ஆனால் அவர் அன்றைக்கு விலகியிருந்தால் அந்த வேலைப் பங்கீட்டு ஆணை முத்தையா முதலியார் கையால் வந்திருக்குமா என்றும் யோசிக்கத் தோன்றுகிறது.

அவர் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனைவி ராதாபாய் மங்களூர்க்காரர். ராதாபாயின் அப்பா குத்முல் ரங்கராவ் மங்களூரில் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1890-களிலேயே பள்ளிக்கூடம் நடத்தியவர். ஊரே எதிர்த்தும் விடாமல் நடத்தினார். அந்த வீட்டுப் பெண்ணை ஒரு கொங்கு ஜமீன்தார் சாதி கடந்து கட்டிக்கொண்டார். ராதாபாயும் ஆக்ஸ்போர்டில் படித்தவர். லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், 1938-ல் மத்திய சட்டமன்றத்தின் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். ஆக, 1932 நவம்பரில் சுப்பராயன் சென்னைச் சட்டசபையில் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் கோயில் நுழைவை முன்வைத்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அதற்காக அவர் கொண்டுவர இருந்த மசோதாவுக்கு வைஸ்ராய் 1933 ஜனவரியில் அனுமதி மறுத்தார். ஒரு மாகாணத்துக்குள் முடிகிற விஷயம் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். காந்தி அந்த மசோதாவைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசினார், எழுதினார். சுப்பராயன் காங்கிரஸில் சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான்.

சரி, இப்போது உங்கள் தாத்தா சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

1937 தேர்தலில் காங்கிரஸ் பெரிய வெற்றி பெற்று ராஜாஜி பிரதமரானார். அன்றைக்கு மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். ஏழு வருஷத்துக்கு முன் முதன்மை அமைச்சராக இருந்த சுப்பராயன், ராஜாஜிக்குக் கீழே சட்டம், கல்வி அமைச்சராக உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள். ராஜாஜி சேலத்தில் வக்கீல் தொழில் செய்து 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925-ல் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். அதாவது குமாரமங்கலத்துக்குப் பக்கத்திலேயே இருந்தவர்.

முன்னே கள்ளுக்கடை பற்றிச் சொன்னேனே, அது இப்போது வந்தது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. மாகாணத்திலேயே முதலில் நம் மாவட்டத்தில்தான். பல குடும்பங்களுக்கு அது வாழ்வு கொடுத்தது. இந்தப் பக்கம் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அடுத்தடுத்து மற்ற மாவட்டங்களுக்கும் அது போகப்போக வருமானம் குறைந்தது. அதை ஈடுகட்டத்தான் 1939-ல் விற்பனை வரி வந்தது. இந்த நிலைமையில் கல்வி அமைச்சரின் கையில் என்ன இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கைராட்டையும் தொழிலும் வழியாகப் படிப்பு என்ற காந்தியின் வார்தா திட்டம் அதே 1937 அக்டோபரில் பேச்சுக்கு வந்ததற்கும் இந்தப் பணமுடைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பள்ளிக்கூடம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், கள்ளுப் பணம் வேண்டாம் என்பது காந்தியின் எண்ணம்.

இந்தி விஷயத்தை ராஜாஜி 1937 ஆகஸ்டிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். 1938 ஏப்ரல் 21-ஆம் தேதி ஆணை வந்தது. 125 உயர்நிலைப் பள்ளிகளில் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்துஸ்தானி என்ற பெயரில் இந்தி கட்டாயம் என்றானது. அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் தாத்தாவே சொல்லியிருப்பார். பெரியார் சிறைக்குப் போனார். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். கைக்குழந்தையோடு பெண்கள் சிறைக்குப் போனார்கள். போராடிக் கைதான இளைஞர்களில் 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் சிறைவாசத்தில் உயிரை விட்டார்கள். காங்கிரஸுக்கு உள்ளேயே சத்தியமூர்த்தி இதைக் கட்டாயமாக்க வேண்டாம் என்றார். ராஜாஜி இறங்கி வரவில்லை. 1939 அக்டோபரில் யுத்தத்தை முன்னிட்டு அமைச்சரவை விலகியது. 1940 பிப்ரவரியில் கவர்னர் எர்ஸ்கின் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார்.

இதில் சுப்பராயனின் பங்கு என்ன? அது ராஜாஜியின் பிடிவாதம், இவர் பேருக்குத்தான் அமைச்சர் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். ஆணை வந்தபோது கல்வித் துறை அவரிடம் இருந்தது. 1928-ல் தன்னோடு இருந்த இரண்டு அமைச்சர்கள் மனசாட்சிக்காக எழுந்து போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். 1938-ல் அவர் எழுந்து போகவில்லை. ஆகவே உங்கள் தாத்தா சொன்னது சரி. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது அந்த இரண்டு இளைஞர்களுக்குச் செய்யும் அநியாயம்.

நடுவில் உள்ள வருஷங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகப் பல வருஷம் இருந்தார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர். சுதந்திரம் வந்த சமயத்தில் முதல்வராக இருந்த ஓமந்தூராரின் அமைச்சரவையில் உள்துறை. பிறகு இந்தோனேசியாவில் தூதர். 1954-ல் மாநிலங்களவை.

இனி வருவதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. அரசியல் சட்டப்படி 1965 ஜனவரி 26 வரைக்கும்தான் ஆங்கிலத்துக்குத் தவணை. அதற்குள் இந்திக்கு எப்படி மாறுவது என்று ஆலோசனை சொல்ல 1955-ல் ஆட்சிமொழி ஆணையத்தை அமைத்தார்கள். பி.ஜி. கெர் தலைவர். தமிழ்நாட்டிலிருந்து சுப்பராயன் ஓர் உறுப்பினர். 1956-ல் அறிக்கை தயாரானது. பெரும்பான்மை இந்திப் பக்கம் சாய்ந்தது. இரண்டே இரண்டு பேர் அதோடு ஒத்துப்போகாமல் மாற்றுக் குறிப்பு எழுதினார்கள். ஒருவர் வங்காளத்தின் மொழியியல் அறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜி. இன்னொருவர் நம் சுப்பராயன்.

அந்த இரண்டு பேரும் சொன்னதன் சாரம் இதுதான். இந்தி பேசுகிறவர்களுக்கு இந்த அறிக்கை தகாத சாதகத்தைக் கொடுக்கிறது, இருக்கிற ஏற்பாட்டை அவசரமாக மாற்றாதீர்கள் என்றார்கள். மத்திய அரசு வேலைக்குத் தேர்வு எழுதும் ஒரு திருச்செங்கோட்டுப் பையன் தாய்மொழியில் எழுதும் அலகாபாத் பையனோடு எப்படிப் போட்டி போடுவான் என்ற கேள்வியை, 12 வேலைகளைப் பங்கு போட்ட அமைச்சரவைக்குத் தலைவராக இருந்தவரால் உதறித் தள்ள முடியாது. என் கணிப்பில், 1938-ல் பள்ளிக்கூட வாசலில் நின்று கத்திய பிள்ளைகளின் குரல் அவர் காதில் பதினெட்டு வருஷம் இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் 66 வயதில், ஆளும் காங்கிரஸ் கட்சியில் இருந்துகொண்டே, இன்னும் பதவி வரக்கூடிய நிலையில், அகில இந்திய அறிக்கையில் தன் பெயரைப் போட்டு ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று எழுதுவதற்கு ஒரு துணிவு வேண்டும். அதைச் செய்தார்.

ராஜாஜியும் அந்த வருஷங்களில் மாறினார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 1958-க்குள் அவரும் இந்தித் திணிப்புக்கு எதிராக நாடு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். 1938-ல் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்து அந்த ஆணையை நடத்திய இரண்டு சேலத்துக்காரர்களும் இருபது வருஷத்துக்குள் எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்தார்கள். ராஜாஜியின் மாற்றத்தை ஊரே பேசியது. சுப்பராயனின் மாற்றம் ஓர் அரசாங்க அறிக்கையின் பின்பக்கத்தில் அடங்கிவிட்டது.

அந்தக் குறிப்பால் அவருக்குப் பதவி போகவில்லை. 1957-ல் திருச்செங்கோடு தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். 1959 ஆகஸ்டில் நேரு, இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நாடாளுமன்றத்தில் வாக்குறுதி கொடுத்தார். அதே வருஷம் சுப்பராயன் மத்தியப் போக்குவரத்து அமைச்சரானார்.

நீங்கள் கேட்காவிட்டாலும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கல்லூரிப் பெயரே அங்கிருந்து வருகிறதே. மூத்தவர் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். மகள் பார்வதி கிருஷ்ணன், கோவையிலிருந்து நாடாளுமன்றம் போன கம்யூனிஸ்ட். மோகன் குமாரமங்கலமும் கம்யூனிஸ்டாகத் தொடங்கி, பிறகு இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறை அமைச்சரானவர், 1973-ல் விமான விபத்தில் இறந்தார். ஜமீன்தார் வீட்டில் பிள்ளைகளைத் தங்கள் மனசுக்குப் பட்ட வழியில் போகவிட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

சுப்பராயன் 1962 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் கவர்னராகப் போனார். ஆறு மாதத்தில், அக்டோபர் 6-ஆம் தேதி, காலமானார். ஆங்கிலமும் தொடரலாம் என்று சொன்ன ஆட்சிமொழிச் சட்டம் 1963 மே மாதம் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.